கடைசி நாற்பது பக்கம்

மச்சாளின் கழுத்தில் கத்தி வைக்க மூன்று நாள் இருக்கும்போது, அவர் வாசித்து முடிக்க வேண்டிய புத்தகத்தை நானே கொண்டுபோய்ச் சரஸ்வதிக்கு முன்னால் வைத்தேன். நல்லதென்று நினைத்துத்தான் வைத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த முட்டாள்வேலைகள் எல்லாம் நல்லதென்று நினைத்துத் தொடங்கியவைதான்.

மச்சாள் என் கணவரின் அக்கா. கல்யாணம் செய்யவில்லை. உடுவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறார். இணுவிலில் மாமியும் அவரும் நானும் ஒரே வீட்டில் இருக்கிறோம். என் கணவருக்குக் கொழும்பில் வேலை, மாதத்துக்கு ஒருமுறை வருவார். நான் சுன்னாகத்தில் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிறேன். என் ஆங்கிலம் மருந்துப் பெட்டிகளில் படித்த ஆங்கிலம்.

கல்யாணமாகி வந்த புதிதில் நான் அந்த வீட்டில் வாய் திறக்கவே இல்லை. கொழும்பில் குடித்தனம் என்று சொல்லிக் கட்டிவைத்துவிட்டு, இணுவிலில் கொண்டுவந்து விட்டார்கள் என்று கோபம். கேட்டதற்கு ஓம், இல்லை. அதோடு சரி. மூன்று மாதம் அப்படியே போனது. மாமி என் அம்மாவுக்கு போன் எடுத்து, பிள்ளைக்கு ஏதும் குறையா என்றுகூடக் கேட்டிருக்கிறார்.

ஒரு மாரிகாலப் பின்னேரம். கரண்ட் இல்லை. மச்சாள் விறாந்தையில் கதிரையைப் போட்டு ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தை வைத்துக்கொண்டிருந்தார். நான் கொஞ்சம் தள்ளி அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு பந்தியைச் சத்தமாக வாசித்தார். பிறகு, என்னைப் பார்க்காமலே, அதைத் தமிழில் சொன்னார். கோயிலில் புராணப் படிப்பு நடக்கும்போது ஒருவர் வாசிக்க மற்றவர் பொருள் விரித்துப் பயன் சொல்வாரே, அந்த மாதிரி. இங்கே வாசிப்பும் பயனும் ஒரே ஆள். கதை ஒரு படகுக்காரியைப் பற்றியது. அவளுடைய நாட்டில் ஒவ்வொரு வருஷமும் கடல் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கிப் போகிறது. அவள் படகை மணலில் இழுத்துக்கொண்டு கடலைத் தேடிப் போகிறாள். வழியில் ஒரு பெரிய வாசல். அங்கே ஒரு காவலன். அவள் ஏதோ சொல்ல வாயைத் திறக்கிறாள். அந்த இடத்தில் மச்சாள் புத்தகத்தை மூடிவிட்டார்.

"பிறகு?" என்று கேட்டேன்.

அந்த வீட்டில் யாரும் கேட்காமல் நானாகச் சொன்ன முதல் சொல் அதுதான்.

"நாளைக்கு," என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போட எழும்பிப் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

அது பதினாறு வருஷத்துக்கு முந்திய கதை. அப்போது நான்கு புத்தகம்தான் வெளியாகியிருந்தன. பிறகு ஒவ்வொன்றாக வந்து பன்னிரண்டாகியது. கனடாவிலிருந்து திருவிழாவுக்கு வருபவர்களின் சூட்கேசில், கொழும்பிலிருந்து என் கணவரின் பையில், எப்படியோ வந்து சேர்ந்தன. புதிது ஒன்று வரப்போகிறதென்றால் முதலாவதிலிருந்து திரும்பவும் வாசிக்க வேண்டும். இது மச்சாளின் சட்டம். மறந்துபோய் வாசிக்கிறது மரியாதையில்லையாம். இதனால் முதல் புத்தகத்தை ஒன்பது தடவை வாசித்திருக்கிறோம். அதன் முதுகு கழன்று கம்ரேப் ஒட்டிக் கிடக்கிறது. இரண்டாவது சட்டம், யாரும் தனியாக முன்னுக்கு ஓடக்கூடாது. மூன்றாவது, ஒரு பக்கமும் தாண்டக்கூடாது, போர் வருகிற அந்த அறுபது பக்கம் உட்பட. நான் கொட்டாவி விட்டால் கதையை நிறுத்திவிட்டு என் மூஞ்சையைப் பார்ப்பார்.

வேறு வேலையில்லையா, தெரிந்த கதையைத் திரும்பத் திரும்ப ஏன் வாசிக்கிறீர்கள் என்று பாமசியில் கேட்பார்கள். தெரிந்த கதை என்பதற்காகத்தான். முதல் தரம் வாசிக்கும்போது அடுத்து என்ன என்ற அவசரத்தில் பாதியை விழுங்கிவிடுகிறோம். ஒன்பதாவதை நாலாம் தரம் வாசிக்கும்போதுதான், இரண்டாம் புத்தகத்தில் ஒருத்தி சும்மா கழற்றி வைத்த செருப்பு அதில் ஒரு ஊரையே காட்டிக்கொடுத்தது என்று பிடிபட்டது. அன்று மச்சாளும் நானும் சமையலை மறந்து கதைத்துக்கொண்டிருந்ததில் பருப்பு அடிப்பிடித்தது.

மச்சாள் ஒவ்வொருவருக்கும் ஒரு குரல் வைத்திருந்தார். உப்பு அரசன் எங்கள் கோயில் முகாமைக்காரரைப் போலக் கதைப்பான். படகுக்காரிக்குச் சந்தையில் மீன் விற்கிற ஒரு மனிசியின் குரல். வாசல்காவலனுக்கு மட்டும் குரல் இல்லை. அவன் கதைப்பதே இல்லை. அந்த வாசலைக் கடக்க வருகிறவர்கள் அவனுக்கு ஒரு கதை சொல்ல வேண்டும். அவன் கேட்டுக்கொண்டு நிற்பான். பிடித்தால் விலகுவான், பிடிக்காவிட்டால் அசையமாட்டான். பதினொரு புத்தகத்திலும் ஒரு சொல் இல்லை.

"கடைசியிலை அவன் கதைப்பான்," என்பார் மச்சாள்.

"கதைக்கமாட்டான். ஊமை அவன்."

"ஊமையில்லையடி. அழுத்தக்காரன். அவனுக்கு நான் ஒரு குரல் வைச்சிருக்கிறன்."

"எப்பிடி? ஒருக்காக் காட்டுங்கோவன்."

"அவன் கதைக்கேக்கை காட்டுறன்."

பதினாறு வருஷமாக இதே சண்டைதான். நான் எவ்வளவு நச்சரித்தும் அந்தக் குரலை ஒருநாளும் காட்டியதில்லை.

போன வருஷம் மச்சாளின் கழுத்தில் ஒரு வீக்கம். தைரொயிட். எடுக்கத்தான் வேண்டும் என்றார்கள். நானும் கூடப் போயிருந்தேன். டொக்டர் ஒரு படம் கீறிக் காட்டினார். கழலைக்குப் பின்னால் குரலுக்குப் போகிற நரம்பு ஓடுகிறது. உங்களுடையது அதோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. கவனமாகத்தான் செய்வோம், ஆனாலும் குரல் அடைத்துப்போகலாம், சிலருக்கு வராமலும் போகலாம். மச்சாள் தலையை ஆட்டினார். வெளியே வந்து பஸ்சுக்கு நிற்கும்போது, பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

"பன்னிரண்டாவதை முடிச்சுப்போட்டுத்தான் நான் போய்ப் படுப்பன்," என்றார். "அவன்ரை குரல் எனக்குள்ளை கிடந்து வீணாப்போகக் கூடாது."

பன்னிரண்டாவது புத்தகம் ஆவணியில் வந்தது. ஒவ்வொரு பின்னேரமும் மாமியின் ரீவி நாடகம் முடிந்த பிறகு அரை மணித்தியாலம். நவராத்திரியில் ஆறு நாள் கழிந்தபோது நாற்பது பக்கம் மிச்சம். ஒப்பரேஷன் விஜயதசமி கழிந்து ஒரு கிழமையில். கணக்குச் சரியாக இருந்தது.

நவராத்திரியின் கடைசி மூன்று நாளும் சரஸ்வதிக்கு. எங்கள் வீட்டில் அந்த மூன்றின் முதல் நாளே புத்தகங்களைச் சாமியறையில் கும்பத்துக்கு முன்னால் அடுக்கிவிடுவோம். வைத்தால் வைத்ததுதான். விஜயதசமி காலையில் பூசை முடித்து, மாமி எடுத்துத் தந்த பிறகுதான் தொடலாம். மாமி தன் தேவாரப் புத்தகத்தை வைத்தார். மச்சாள் தன் பாடக்குறிப்புக் கொப்பியை வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனார். அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. சரஸ்வதி வாக்குக்கு அதிபதி. மச்சாளுக்கு இப்போது வேண்டியது வாக்கு. எந்தப் புத்தகத்தில் அவருடைய குரல் காத்துக்கொண்டிருக்கிறதோ, அதையே வைத்து மன்றாடினால் என்ன? மூன்று நாள் வாசிக்காவிட்டால் ஒன்றும் குடி முழுகாது. தடித்த புத்தகமென்று அடுக்குக்கு அடியில் கொண்டுபோய் வைத்தேன். "அம்மா, இந்தக் குரலை எடுத்துப்போடாதையுங்கோ, இதை உங்களிட்டைத் தாறன், திருப்பித் தாங்கோ," என்று வாய்விட்டே சொன்னேன். மாமி காதில் அது விழுந்தது.

அடுத்த நாள் மத்தியானம் ஆசுபத்திரியிலிருந்து போன். டொக்டர் வெளிநாடு போகிறாராம். திகதியை முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நாளைக்கு வந்து வாட்டில் படுக்க வேண்டும், நாளன்றைக்குக் காலை ஒப்பரேஷன். நாளன்றைக்கு என்றால் விஜயதசமி.

மச்சாள் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "அப்ப இண்டைக்கும் நாளைக்கு விடியவுமா நாற்பது பக்கத்தையும் இழுத்து முடிப்பம். எடுத்துக்கொண்டு வா."

நான் அசையவில்லை.

"என்னடி?"

சொன்னேன். "ஆரடி உன்னை வைக்கச் சொன்னது?" அவ்வளவுதான். வாய்க்கு வந்தபடி பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் எழும்பிப் போய் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகிற பையில் துவாயை மடித்து வைக்கத் தொடங்கினார்.

மாமியிடம் போய் நின்றேன்.

"மாமி, அந்த ஒரு புத்தகத்தை மட்டும் எடுத்துத் தாங்கோ."

"சும்மா வைச்சிருந்தால் பறவாயில்லைப் பிள்ளை. நீ நேர்ந்தெல்லோ வைச்சனி? அவளின்ரை குரலுக்கெண்டு வாய்விட்டுச் சொல்லி வைச்சனி. குடுத்ததைப் பாதியிலை பறிச்சால், பிறகு அந்தக் குரலுக்கு ஒண்டு நடந்தால், நீ தாங்குவியோ? நான் தாங்கன்."

நான் மருந்துக் கடையில் வேலை செய்கிறவள். நரம்பு எங்கே ஓடுகிறது என்று படத்தில் பார்த்தவள். ஆனாலும் வெறுங்கையோடு திரும்பினேன்.

மறுநாள் காலை மச்சாள் புத்தகம் இல்லாத பையோடு வாட்டில் போய்ப் படுத்தார். அவரை விட்டுவிட்டு வந்தபோது வீட்டில் யாரும் இல்லை. மாமி கோயிலுக்குப் போயிருந்தார். சாமியறைக் கதவைத் திறந்தேன். புத்தகம் அடுக்கில் நாலாவது. அதற்கு மேல் தேவாரம், கொப்பி, என் மருந்துக் கையேடு. விரலால் அதன் நுனியைப் பிடித்து இழுத்தேன். அடுக்குச் சரிந்து கும்பத்தில் முட்டியது. தேங்காய் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தேங்காயை நிமிர்த்தினேன், அடுக்கை நேராக்கினேன். எனக்கு அந்த நேரம் சரஸ்வதியில் பக்தி இருக்கவில்லை, கோபம்தான் இருந்தது. படத்தைப் பார்த்து, "உங்களுக்கு ஒரு கை வீணை, ஒரு கை ஏடு, எல்லாம் கிடக்கு. அவவுக்கு இது ஒண்டுதான்," என்று சண்டை பிடித்தேன். ஆனால் புத்தகத்தை எடுக்கவில்லை. பயம்தான். வேறு பெயர் வைக்க விரும்பவில்லை.

விஜயதசமி காலை. வாட்டில் கேட்டு வைத்திருந்தேன், முதல் ஆள் மச்சாள்தான், எட்டு மணிக்கு ஒப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோவார்கள். மாமி பஞ்சாங்கம் பார்த்து ஆறு நாற்பதுக்குப் பிறகுதான் ஏடு எடுக்கலாம் என்று சொல்லியிருந்தார். ஐந்தரைக்கே நான் தோய்ந்து, ஈரத்தலையோடு சாமியறைக்கு முன்னால் குந்தியிருந்தேன். ஓட்டோ படலையடியில் நின்றது. ஆறு இருபது. மாமி திரியைத் தூண்டினார். ஆறு முப்பது. ஒவ்வொரு பூவாக எடுத்து வைத்தார். எனக்கு அந்தப் பூத்தட்டைப் பறித்து ஒரேயடியாகக் கொட்டவேண்டும் போலிருந்தது. அப்போதுதான் அவருடைய கையைப் பார்த்தேன். வைத்த பூவையே திரும்ப எடுத்து, திரும்ப வைத்துக்கொண்டிருந்தது. மகளைக் கொண்டுபோவதைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லி வீட்டில் நின்றுகொண்டவர் அவர். நான் பூத்தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

ஆறு நாற்பத்தொன்றுக்குக் கர்ப்பூரம். அட்டையில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, புத்தகத்தை என் இரண்டு கையிலும் தந்தார்.

"கெதியாப் போ," என்றார்.

ஆசுபத்திரி வாசலில் காவலாளி மறித்தார். ஏழு மணி பிந்திவிட்டது.

"பாஸ் இருக்கோ?"

"இல்லை. இண்டைக்கு ஒப்பரேஷன். எட்டு மணிக்குக் கொண்டுபோயிடுவினம். ஒரு பத்து நிமிஷம் விடுங்கோ அண்ணை."

"எல்லாரும் உப்பிடித்தான் சொல்லுகினம். பன்னிரண்டு மணிக்கு வாங்கோ."

கெஞ்சினேன். பிறகு கத்தினேன். அவர் இரண்டுக்கும் அசையவில்லை. கடைசியில் அவர் கண் என் கையிலிருந்த புத்தகத்தில் விழுந்தது, சந்தனமும் குங்குமமும் ஈரமாக.

"உது என்ன, புராணமோ?"

"ஓம்," என்றேன். "புராணம்தான். ஒப்பரேஷனுக்கு முந்தி வாசிக்கவேணும். நேர்த்தி."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கொஞ்சம் விலகி நின்றார். விஜயதசமியும் அதுவுமாக நான் சொன்ன பொய். பன்னிரண்டு புத்தகத்தையும் வாசித்துப் பார்த்தால் அவரும் அதைப் பொய்யென்று சொல்லமாட்டார்.

மச்சாள் கட்டில் விளிம்பில் இருந்தார். பச்சை உடுப்பு. தலைமயிரை இரண்டாகப் பின்னி விட்டிருந்தார்கள், பள்ளிக்கூடப் பிள்ளை போல. புத்தகத்தைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டினார். விட்ட இடத்தைப் பிடித்து வாசிக்கத் தொடங்கினார். பக்கத்துக் கட்டிலில் இருந்த மனிசியும் எழும்பி இருந்து கேட்டார். படகுக்காரி கடைசித் தடவையாக வாசலுக்கு வந்துகொண்டிருக்கிறாள். படகு இல்லை. துடுப்பு மட்டும் தோளில். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. நான் கதையைக் கேட்கவில்லை, அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்துச் சோக்கட்டித் தூள் கொஞ்சம் கலந்த மாதிரி ஒரு கரகரப்பு அதில் எப்போதும் உண்டு. இதை நான் பதிந்து வைத்திருக்கலாம், பதினாறு வருஷமாக போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒருநாள் கூடப் பதியவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

மூன்று பக்கம் ஆகவில்லை. தள்ளுகட்டில் வந்துவிட்டது.

"மச்சாள், கடைசிப் பக்கத்தைப் பாருங்கோ. அவன் கதைக்கிறானோ எண்டு மட்டும் பாருங்கோ. அந்தக் குரலிலை ஒரு வரி."

அவர் புத்தகத்தை மூடினார்.

"தாண்டி வாசிக்கிறதெண்டால், இவ்வளவு வருஷமும் ஏன் காவலிருந்தனாங்கள்?"

"இண்டைக்கு உங்கடை சட்டத்தைத் தூக்கி அங்காலை வையுங்கோ!"

"வந்து வாசிக்கிறன்," என்றார். அட்டையிலிருந்த குங்குமத்தில் விரலைத் தொட்டு என் நெற்றியில் வைத்துவிட்டு, ஏறிப் படுத்தார்.

மூன்று மணித்தியாலம் வெளியே மர வாங்கில் குந்தியிருந்தேன். புத்தகம் மடியில் இருந்தது. நான் திறக்கவில்லை. டொக்டர் வந்து, நரம்பை வெட்டவில்லை, ஆனால் இழுபட்டுவிட்டது என்றார். குரல் வரலாம். மூன்று மாதமாகலாம், ஆறு மாதமாகலாம். வராவிட்டால் பிறகு பார்ப்போம்.

வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் பின்னேரம், மச்சாள் கழுத்தில் பிளாஸ்டரோடு விறாந்தையில் கதிரையைப் போட்டார். புத்தகத்தைத் திறந்தார். வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது. மூன்று தரம் முயன்று பார்த்தார். பிறகு புத்தகத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, முகத்தை வேலிப் பக்கம் திருப்பிக்கொண்டார். மாமி எழும்பிக் குசினிக்குள் அடுப்பைப் பார்க்கப் போனார். எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கூடக் கோபம் வந்தது. புத்தகத்தை எடுத்தேன்.

நான் வாசித்தேன். மருந்துப் பெட்டி ஆங்கிலத்தில், எழுத்துக்கூட்டி. பயன் சொல்லும்போது பிழைவிட்டால் மச்சாள் கதிரைக் கையில் தட்டுவார். இரண்டு தரம் தட்டினால் திரும்ப வாசி. ஒரு பக்கத்துக்கு இருபது தட்டு. முப்பத்தேழு பக்கம் முடிய ஒன்பது நாள் எடுத்தது.

ஒன்பதாம் நாள், படகுக்காரி வாசலில் நின்று தன் கதையைச் சொன்னாள். முழுக்கதை, முதல் புத்தகத்திலிருந்து. சொல்லி முடித்தாள். காவலன் விலகவில்லை. பக்கத்தைத் திருப்பினேன். அங்கே அவன் வாயைத் திறக்கிறான் என்று இருந்தது. நான் நிறுத்திவிட்டேன்.

"மச்சாள், கதைக்கப்போறான்," என்றேன். "நீங்கள் வைச்சிருந்த குரல் எப்பிடி? நான் என்னெண்டு வாசிக்கிறது?"

அவர் விரலை என்னை நோக்கி நீட்டினார்.

"ஓம், நான்தான் வாசிக்கிறன். எந்தக் குரலிலை?"

அவர் அதில்லை என்று தலையை ஆட்டினார். குனிந்து, அந்த விரலால் என் தொண்டையைத் தொட்டார்.

எனக்கு விளங்க ஒரு நிமிஷம் எடுத்தது. மூன்று மாதம் வாய் திறக்காமல் இந்த வீட்டில் அழுத்தமாக நின்ற ஒருத்தி. பக்கத்தில் கதை சொல்லிக்கொண்டிருந்தவரைப் பார்க்காமல் அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஒருத்தி. பதினாறு வருஷமாக அவர் காவலனுக்கு எடுத்து வைத்திருந்தது என் குரலை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வரியைப் பார்த்தேன். இரண்டே இரண்டு சின்ன ஆங்கிலச் சொல். பெட்டி ஆங்கிலத்துக்கே விளங்கியது. தமிழில் சொன்னேன்.

"பிறகு?"

மச்சாள் வாயைத் திறந்தார். கிணற்றடியில் கயிறு உரசுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஆனால் சொல் விளங்கியது. குசினிக்குள் நின்ற மாமிக்கும் விளங்கி, கையைத் துடைக்காமலே ஓடிவந்தார்.

"நான் சொன்னனானெல்லோ," என்றார் மச்சாள்.